உறையில் இட்ட பணம் யாருடையது?

பணத்தைப்பற்றி ஆலயத்தில் வாய்திறந்து பேசுவது பண்பன்று என்று எம்மிற் பலர் எண்ணுகிறோம். செபத்தைப்பற்றிப் பேசுவோம், பாவத்தைப்பற்றியும் மன்னிப்பைப்பற்றியும் பேசுவோம். மாதச் சம்பளம் எங்கே போயிற்று என்ற கேள்வி எழுந்தாலோ, அது வீட்டு அலுவல், சமயத்துக்கு அங்கே இடமில்லை என்று ஒதுக்கிவிடுவோம். இயேசுநாதர் அவ்வாறு ஒதுக்கிவிடவில்லை. காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண், கடன்பட்ட இருவர், பெரிய களஞ்சியம் கட்ட எண்ணிய செல்வன், கூலிக்கு நின்ற வேலையாட்கள், கணக்கு ஒப்புவிக்க அழைக்கப்பட்ட உக்கிராணக்காரன் என்று அவர் சொன்ன உவமைகளிற் காசும் கடனும் கணக்கும் அடிக்கடி வந்துபோகின்றன.

இவற்றையெல்லாம் நாம் நன்கறிவோம். ஞாயிறு பாடசாலையிற் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லியும் கொடுத்தோம். ஆயினும், சொல்லிக்கொடுத்த பாடத்தை நாமே படித்துத் தேற 2022ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

எமது அம்மம்மாவின் அடுக்களையில் இரண்டு பொருட்கள் எப்பொழுதும் இருக்கும். ஒன்று, ஒரு சிறிய மண்முட்டி. உலையிலிட அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த முட்டியில் இடுவார். வீட்டில் அரிசி நிறைந்திருந்த நாளிலும் ஒரு பிடி. சுண்டில் அரைவாசி மட்டும் இருந்த நாளிலும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும். மற்றையது, மூலை மடிந்த ஒரு கொப்பி. இரவிலே விளக்கின் முன் அமர்ந்து, அன்று வந்தது, போனது, கொடுக்கவேண்டியது ஆகிய மூன்றையும் அதிற் குறித்துவைப்பார். பத்துச் சதம் பிழைத்தாலும் உறங்கமாட்டார். சிறுபிள்ளைகளாகிய நாம் அதைக் கண்டு நகைப்போம். அப்பொழுது அவர் சொல்வார்:

“கடவுளுக்கு ஒரு பங்கு குடுத்திட்டால் மிச்சம் ஒன்பதும் எங்கட எண்டு நினையாதை, பிள்ளை. அந்த ஒன்பதுக்கும் அவர் கணக்குக் கேட்பார்.”

அம்மம்மாவிடமிருந்து முட்டியை மட்டும் நாம் முதுசமாகப் பெற்றுக்கொண்டோம், கொப்பியைக் கைவிட்டோம். எமது துன்பம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும்.

திருமணமாகிய முதல் மாதமே, இருவர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக எடுத்துவைப்பதென்று உறுதி செய்துகொண்டோம். மெதடிஸ்தராகிய எமக்கு இதிலே ஒரு பெருமையும் உண்டு. எமது சபையின் மூலவராகிய ஜோன் உவெஸ்லி, பணத்தைப் பயன்படுத்தும் முறைபற்றி 1760இல் ஒரு பிரசங்கம் வெளியிட்டார். இயன்றவரை ஈட்டவேண்டும், இயன்றவரை மிச்சம் பிடிக்கவேண்டும், இயன்றவரை கொடுக்கவேண்டும் என்பன அவர் வகுத்த மூன்று விதிகள். ஆண்டு வருவாய் 30 பவுணாக இருந்தபோது 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணைத் தருமம் செய்ததும், வருவாய் 60 பவுணாக உயர்ந்தபோதும் அதே 28 பவுணில் வாழ்ந்து 32 பவுணைக் கொடுத்ததும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. இதை நாமும் மேடைகளிற் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் பிரசங்கத்தின் முதல் விதிக்கு உவெஸ்லி ஒரு நிபந்தனை இட்டிருந்தார். அயலவனுடைய உடைமைக்குத் தீங்கு நேரும் வழியில் ஒரு காசும் ஈட்டலாகாது என்பது அது. அந்த நிபந்தனையை நாம் வாசித்தோம், மனத்தில் நிறுத்தவில்லை.

2022 வந்தது. அவ்வாண்டு பங்குனியில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, வைகாசிக்குள் 360 ரூபாவாயிற்று. ஏப்பிரில் 12ஆந் திகதி, பிறநாடுகளுக்கு இறுக்கவேண்டிய கடனை இறுக்க இயலாதென்று அரசாங்கமே அறிவித்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7.5இலிருந்து 14.5ஆக உயர்த்தியிருந்தது. செப்ரெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறிநின்றது. மண்ணெண்ணெய்க்கு வரிசை; பெற்றோலுக்கு வரிசை; எரிவாயுவுக்கு வரிசை. சம்பளம் மட்டும் வரிசையில் நில்லாமல், வழமையான தொகையாகவே, வழமையான நாளில் வந்துகொண்டிருந்தது.

அக்காலத்தில் எமக்குக் கைகொடுத்தவர் சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர். நெற்றி நிறைய நீறு பூசிய சைவப் பழம். இருபது ஆண்டுகளாக அவர் கடையிலேயே சாமான் வாங்கினோம். பங்குனி மாதத்தில் முதன்முறையாக, “கொப்பியிலை எழுதுங்கோ அண்ணை, அடுத்த மாதம் தாறம்” என்றோம். அவர் மறுக்கவில்லை. அடுத்த மாதமும் அதையே சொன்னோம். ஆறு மாதம் இவ்வாறு சென்றது. அவருடைய கொப்பியில் எமது பெயருக்கு நேரே 43,600 ரூபா ஏறியிருந்தது. அவர் எழுதினார், நாம் எழுதவில்லை.

தசமபாகத்தை மட்டும் நாம் தவறவிடவில்லை. ஊரே இடறும் காலத்தில் எமது கை இடறவில்லை என்று உள்ளூர மகிழ்ந்தோம். காணிக்கை உறையின்மேற் பெயர் எழுதப்படும். ஆண்டு முடிவிற் சபை அறிக்கையிற் பெயரும் தொகையும் அச்சாகும். அந்தப் பக்கத்தில் எமது பெயர் மேல்வரிகளில் நிற்பதை நாம் விரும்பினோம் என்பதை இன்று மறைப்பதிற் பயனில்லை.

ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு. வெள்ளை உடுத்து, வேதாகமத்தைக் கையிலெடுத்து, ஆலயத்துக்குப் புறப்பட்டுப் படலையடிக்கு வந்தோம். அங்கே கடைக்கார அண்ணை துவிச்சக்கர வண்டியைப் பிடித்தபடி நின்றார். எம்மைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். கடன்பட்டவர் அவரோ நாமோ என்று ஐயுறும்படி அவர் முகத்தில் அத்தனை கூச்சம்.

“மாஸ்டர், குறை நினைக்கக்கூடாது. நாளைக்குச் சாமான் எடுக்கக் கையிலை காசில்லை. மொத்த வியாபாரி இப்ப கடனுக்குத் தாறானில்லை. உங்கட கணக்கிலை ஒரு பகுதியெண்டாலும்...”

“அடுத்த மாதம் கட்டாயம் பாப்பம், அண்ணை. இப்ப கையிலை ஒண்டுமில்லை” என்றோம்.

அவர் “சரி மாஸ்டர், கோயிலுக்குப் போற நேரத்திலை மறிச்சுப்போட்டன்” என்று சொல்லித் திரும்பிப் போனார். எமது சட்டைப்பையிலே 8,400 ரூபா அடங்கிய உறை இருந்தது. ஆலயத்துக்குப் போகும் வழியிற் கூறிய பொய் அது.

காணிக்கைத் தட்டு வந்தது. பலிபீடத்தினருகே வந்தபின் சகோதரனுக்கு உன்மேற் குறையுண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கூறியது நினைவுக்கு வந்தது. அண்ணையின் குனிந்த தலையும் உடன் வந்தது. எனினும் தட்டு எம்மைக் கடந்து வெறுங்கையோடு போவதை அயலிலிருப்போர் காண்பரே என்ற எண்ணம் அவ்விரண்டையும் வென்றது. உறையை இட்டோம்.

வீடு திரும்பும்போது இல்லாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு பரிமாறிய பின்னரே வாய்திறந்தார். கடைக்கார அண்ணையின் மனைவி ஒரு கிழமைக்கு முன்னர் தம் இரு காப்புகளையும் அடைவு வைத்திருந்தாராம். மொத்த வியாபாரிக்குக் காசு கட்டவே அவ்வாறு செய்தாராம். கிணற்றடியில் அந்த அம்மா வெறுங்கையோடு நின்றதை இல்லாள் தம் கண்ணாற் கண்டிருந்தார்.

“இண்டைக்கு உறைக்குள்ளை போட்டது எங்கட காசில்லை. அது அந்த மனிசியின்ர காப்பு” என்றார்.

நாம் சினங்கொண்டோம். தசமபாகம் ஆண்டவருடையது, அதைக் கொடாதவன் ஆண்டவரையே வஞ்சிக்கிறான் என்று மல்கியா தீர்க்கதரிசி சொல்லவில்லையா என்று வாதாடினோம். “ஆண்டவருக்குக் குடுக்கிறதை நான் வேண்டாமெண்டேல்லை. எங்கடையிலையிருந்து குடுப்பம் எண்டுதான் சொல்லுறன்” என்று கூறிவிட்டு இல்லாள் எழுந்து போனார். அதற்கு விடை எம்மிடம் இருக்கவில்லை.

மறுநாள் மாலை, ஓய்வுபெற்ற முதிய போதகர் ஒருவரிடம் சென்றோம். காணிக்கையா, கடனா, எது முந்தியது என்று கேட்டோம். அவர் நேரே விடை கூறவில்லை. எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைப்பூட்டினார். கணவன் விட்டுப்போன கடனுக்காக அவளுடைய இரு பிள்ளைகளையும் அடிமைகொள்ளக் கடன்காரன் வந்திருந்தான். ஒரு குடம் எண்ணெய் பல பாத்திரங்களை நிரப்பிற்று. அற்புதத்தாற் கிடைத்த அந்த எண்ணெயை என்ன செய்வதென்று அவள் கேட்டாள்.

“அதை ஆலயத்துக்குக் கொண்டு வா எண்டு தீர்க்கதரிசி சொன்னவரோ, தம்பி? வித்துக் கடனைத் தீர், மிச்சத்திலை நீயும் பிள்ளையளும் சீவியுங்கோ எண்டெல்லோ சொன்னவர்” என்றார் போதகர். சிறிது நேரம் கழித்து, “உம்மட கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தீரோ?” என்று கேட்டார்.

கொப்பி இல்லை என்றோம். “அப்ப காணிக்கையைப்பற்றிக் கதைக்க இன்னும் காலம் வரேல்லை. போய் எழுதிக்கொண்டு வாரும்” என்று அனுப்பிவிட்டார்.

அன்றிரவு இல்லாளும் நாமும் விளக்கின்முன் அமர்ந்தோம். வங்கிக் கடன் கழிந்தபின் இருவர் சம்பளத்திலும் கைக்கு வந்தது 84,000 ரூபா. சென்றவற்றை எழுதினோம். சாப்பாட்டுச் சாமான் 31,000. பேராதனையிற் படித்த மகளுக்கு 18,000. சீட்டுக் காசு 10,000. பெற்றோலும் பேருந்தும் 7,500. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 6,800. தசமபாகம் 8,400. கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் ஆகியவற்றுக்கு அன்பளிப்பும் அதற்கென வாங்கிய உடையும் 9,500. கூட்டினால் 91,200. மாதந்தோறும் 7,200 ரூபா துண்டு விழுந்திருந்தது. ஆறு மாதத்துக்கு 43,200. கடைக் கொப்பியில் நின்ற தொகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 400 ரூபா மட்டுமே!

இலக்கம் வாதாடுவதில்லை. நாம் கொடுத்த தசமபாகத்தின் பெரும்பகுதி மாதந்தோறும் சந்திக்கடையிலிருந்து வந்திருந்தது. கொடைக்குரிய பெயர் எமக்கு, கொடை அண்ணைக்குரியது.

இந்தக் கணக்கைக் கண்ட போதகர் தசமபாகத்தின்மேல் விரல் வைக்கவில்லை. 9,500 என்ற இலக்கத்தின்மேல் வைத்தார். “ஆண்டவருக்கும் அயலவனுக்கும் சண்டை மூட்டினீர். இரண்டு பேரின்ரை பங்கையும் தின்றது இதெல்லோ?” என்றார். வெட்கத்தால் எமக்குப் பேச்சு எழவில்லை. அரிசிக்குக் கடன் சொன்ன அதே மாதங்களில், உறவினர் வீட்டு விழாவில் எமது உறை மெலிந்திருக்கக் கூடாதென்று ஐயாயிரம் வைத்திருக்கிறோம். வருவாய் சிறிதாயிருப்பதாற் கேடு வருவதில்லை, செலவு அதனை மிஞ்சாதிருந்தாற் போதும் என்று வள்ளுவரும் உரைத்தாரன்றோ? ஆலயமும் அறநூலும் ஒன்றையே கூற, நாம் இரண்டுக்கும் செவிசாய்க்கவில்லை.

“வாற மாசத்து உறையை இஞ்சை கொண்டுவரவேண்டாம். சந்திக்குக் கொண்டுபோம்” என்பதே அவர் இட்ட முடிவான கட்டளை. அவ்வாறே செப்ரெம்பர் மாதத்து 8,400 ரூபாவைக் கொண்டுபோய் அண்ணையின் மேசையில் வைத்தோம். அந்த ஞாயிறு ஆவணியிற் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னோம். பணத்தை வைப்பது எளிதாயிருந்தது. அதைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. அவர் எமது முகத்தைப் பாராமல், “விடுங்கோ மாஸ்டர்” என்று மட்டும் கூறி, கொப்பியில் வரவு எழுதினார். மீதி 35,200.

முதல் மாதம் குறைத்த செலவு துண்டு விழாமல் தடுக்கவே போதுமாயிற்று. ஒக்டோபரிலிருந்து விழா அன்பளிப்பை 1,500க்குள் நிறுத்தினோம். போன இடங்களில் வாழ்த்தும் வீட்டு முற்றத்து மாம்பழமும் கொடுத்தோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பழைய துவிச்சக்கர வண்டியைத் துடைத்தெடுத்ததில் 3,500 மிஞ்சியது. தொலைபேசியிலும் மின்சாரத்திலும் 1,500. முருங்கையிலையும் மரவள்ளியும் அடுக்களைக்கு வந்ததிற் சாமான் கணக்கில் 3,000. சீட்டை மட்டும் நிறுத்தவில்லை. அது பிறருக்குக் கொடுத்த வாக்கு. நாம் நின்றால் இன்னொருவர் முறை தவறும். மொத்தம் 16,000 ரூபா மீந்தது. துண்டாகிய 7,200ஐ அதிலிருந்து நிரப்பி, எஞ்சிய 8,800ஐ மாதந்தோறும் சந்திக்குக் கொண்டுபோனோம். தசமபாகமும் மீண்டும் ஆலயத்துக்குச் சென்றது. உறையின்மேற் பெயர் எழுதப்படவில்லை.

2023 தை மாதத்திற் கடைசித் தவணையைக் கொடுத்தோம். பொங்கலன்று அண்ணையின் மனைவி பொங்கலும் பழமும் கொண்டு எமது வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ஒரு காப்பு இருந்தது. மற்றைக் கை வெறுமையாயிருந்தது. ஒன்றை விற்றே மற்றையதை மீட்டாராம். இல்லாள் கேட்டு அறிந்தார். அதற்கும் எமது கணக்கிற் பங்குண்டு என்று சொல்லி ஒரு தொகையைக் கொடுக்க முயன்றோம். அண்ணை கொப்பியைத் திறந்து, குறுக்கே கோடிட்டிருந்த எமது பக்கத்தைக் காட்டினார். “உங்கட கடன் தீர்ந்துது மாஸ்டர். தீர்ந்த கணக்கிலை நான் காசு வாங்கமாட்டன்” என்றார். அவர் கொப்பியில் அது தீர்ந்தது. எமது கொப்பியில் இன்னும் தீரவில்லை. தாம் அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்த சகேயு என்னும் வரிகாரனை நினைக்கும்போதெல்லாம் அந்த வெறுங்கை எம் கண்முன் வருகின்றது.

இதை எழுதுவது எமது குற்றத்தைப் பறைசாற்றுவதற்காக மட்டுமன்று. புதிதாக இல்லறம் தொடங்குவோரும் மாணவரும் எம்மிலும் முந்தி விழித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே. ஒரு கொப்பி வாங்குங்கள். வந்தது, போனது, கொடுக்கவேண்டியது என்று மூன்று நிரல் கீறுங்கள். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடமாட்டானோ என்று ஆண்டவர் கேட்டார். அமர்வதற்கு ஒரு நாளிற் பத்து நிமிடம் போதும். மகாபொலப் பணத்தில் வாழும் மாணவர், தவணைக்குத் தொலைபேசி வாங்குமுன் அந்தத் தவணை எந்த நிரலில் ஏறும் என்று எழுதிப் பாருங்கள். வாரந்தோறும் வீடுதேடி வந்து அறவிடப்படும் சிறுகடன் எத்தனை குடும்பங்களை அழுத்திற்று என்பதை வடக்கும் கிழக்கும் அறியும். வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்க 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று.

கையிற் பணம் உள்ளோருக்கும் வேதத்தில் ஒரு சொல் உண்டு. ஏழையிடம் வட்டி வாங்கலாகாது. அடைவாகப் பெற்ற போர்வையைப் பொழுது படுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும், இரவிலே அவன் எதைப் போர்த்துப் படுப்பான் என்று யாத்திராகமம் கேட்கின்றது. சேமிப்பதும் விசுவாசக் குறைவன்று. ஏழு நல்ல ஆண்டுகளில் யோசேப்பு சேர்த்துவைத்த தானியமே ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தைக் காத்தது. இன்று நாமும் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவை வங்கியிற் புறம்பாக வைத்திருக்கிறோம். சந்திக்கடை அண்ணையின் முதலை எமது சேமநிதியாக இனி எண்ணமாட்டோம்.

அம்மம்மாவின் மண்முட்டி இன்னும் எமது அடுக்களையில் இருக்கிறது. அதன் பக்கத்திலே இப்பொழுது ஒரு கொப்பியும் இருக்கிறது. ஞாயிறு காலையில் உறையை எடுக்குமுன் இல்லாள் அக்கொப்பியைத் திறந்து, கொடுக்கவேண்டியது என்ற நிரலைப் பார்ப்பார். அது வெறுமையாயிருந்தாலே ஆலயத்துக்குப் புறப்படுவோம். இல்லையேல் சந்திவழியாகச் சுற்றிப் போவோம்.